விதைநெல்லும் நச்சுயிரியும்

பஞ்சத்திலும் விதைநெல்லை உண்ணாது காத்தவர் நம் உழவர். நோய்க்கும் அவ்வாறு விதை காப்பார் உளர் என்பதை ஈண்டுக் காண்போம்.

1997 வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்த நாமக்கல், முட்டையால் பெயர் பெற்ற ஊர். பறவைக் காய்ச்சல் என்னும் சொல்லே இங்கு அச்சம் தரும். அந்நோயை விளைக்கும் இன்புளூயன்சா நச்சுயிரியின் மேற்புறத்தில் எச், என் எனப் புரதங்கள் இரண்டு உள. பறவைகளிடம் நெடுநாளாக அறியப்பட்டவை எச் வகை 16, என் வகை 9. ஆக 144 இணைகள். காட்டு வாத்துகள் இவற்றைத் தாம் நோயுறாமலே குடலில் சுமந்து திரிகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் கிடா ஹிரோஷி குழுவினர் வாத்தின் எச்சத்திலிருந்து அவற்றைப் பிரித்துச் சேமித்தனர். இயற்கையில் கிட்டாத இணைகளை முட்டைக் கருவில் கலந்து ஆக்கினர்.

இதன் பயன் யாது? 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியே சென்னையில் இறங்கிய ஆசியக் காய்ச்சல் நாடெங்கும் பரவிற்று. குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்து இன்புளூயன்சா மையத்தார் அதனை ஆராய்ந்தனர். அந்நச்சுயிரியின் எட்டு மரபுக்கூறுகளுள் மூன்று பறவையினின்று வந்தவை என்பது பின்னரே தெளிந்தது. அதன் உறவினம் முன்பே சேமிப்பில் இருந்திருப்பின், தடுப்பூசிக்கு விதை தேடும் காலம் குறைந்திருக்கக் கூடும்.

அவ்விதையைப் பத்துப் பதினொரு நாள் அடைகாத்த கோழிமுட்டையில் செலுத்தி வளர்ப்பர். நம் லாரிகளில் செல்லும் முட்டை இதற்கு உதவாது. சேவல் சேராது இட்டதாகலின் அதனுள் கருவில்லை. மாணவர் பலர் இதனை அறியார்.

சேமிப்பும் இடரற்றதன்று. 1977இல் மீண்டும் தோன்றிய காய்ச்சலின் நச்சுயிரி, 1950ஆம் ஆண்டளவில் உலவியதை ஏறத்தாழ அப்படியே ஒத்திருந்தது. அது சேமிப்பிலிருந்தே வெளிப்போந்தது என ஐயுறுவர் அறிஞர். எனவே பூட்டும் காவலும் வேண்டும். நம் நாட்டில் அத்தகைய உயர்பாதுகாப்பு ஆய்வகம் போபாலில் உள்ளது. 2006 பிப்ரவரியில் மகாராட்டிர மாநிலம் நவாப்பூர்க் கோழிகளிடம் எச்5என்1 நச்சுயிரியை உறுதி செய்தது அதுவே.

ஆயின், மாதிரி அங்குச் சேர வேண்டுமெனில், கோழிகள் மடியத் தொடங்கிய அன்றே பண்ணையாளர் வாய் திறக்க வேண்டும். திறந்தால், நோய் உறுதியானதும் சுற்றுவட்டாரக் கோழிகள் அனைத்தும் அழிக்கப்படும். அழித்தவற்றுக்கு இழப்பீடு உண்டு. வெறுங்கூண்டுகளோடு கழியும் மாதங்களுக்கு இல்லை. தயங்குவாரைப் பழித்தல் எளிது. அம்மாதங்களின் வங்கித் தவணையை யார் கட்டுவது என்று அவர் கேட்டால், நம்மிடம் விடை இல்லை.