சென்சரை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

சாமான் ஏற்றும் வேன் ஒரு நாள் கராஜில் நின்றால் வியாபாரிக்கு எவ்வளவு நட்டம் என்பதைத் தனியாகக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஓடர் எடுத்த கடைகளுக்குச் சரக்குப் போகாது. ட்ரைவரின் சம்பளமும் லீஸிங் தவணையும் மட்டும் வழமைபோல் போய்க்கொண்டிருக்கும். இதற்கு மேல் தேவையற்ற உதிரிப்பாகம் ஒன்றுக்கும் பணம் கொடுத்தால் அது வீண்விரயமாகிவிடும். இவ்வாறு அடிக்கடி வீணாக மாற்றப்படும் பாகங்களில் ஒன்றுதான் கேம்ஷாப்ட் பொசிஷன் சென்சர்.

வழக்கமாக நடப்பது இதுதான். டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. காலையில் வெகுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றிய பின்னரே எஞ்சின் இயங்குகிறது. சில வேளை ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. கராஜில் ஸ்கேனரைப் பொருத்தினால் பீ-0340 என்று கோட் வருகிறது. "கேம் சென்சர் போய்விட்டது" என்கிறார்கள். புதிய சென்சர் பூட்டி, கோட்டையும் அழித்துவிட, விளக்கு அணைகிறது. மூன்று நாள் கழித்து மீண்டும் எரிகிறது.

இங்கே தவறு எங்கே? பீ-0340 என்ற கோட்டின் பொருள் "கேம்ஷாப்ட் பொசிஷன் சென்சர் மின்சுற்றில் கோளாறு" என்பதாகும். சென்சர் பழுது என்று அது சொல்லவில்லை. மின்சுற்று என்றால் சென்சர், அதன் கனெக்டர், வயர்கள், ஏர்த், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர் ஆகிய அனைத்தும் சேர்ந்தது. அவற்றில் எது பழுது என்று கண்டுபிடிப்பது ஸ்கேனரின் வேலையல்ல, மெக்கானிக்கின் வேலை.

சென்சர் செய்யும் வேலை

எஞ்சினின் கிராங்க்ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம்ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்பதைக் கிராங்க் சென்சர் அறிவிக்கும். ஆனால் அது எரிபொருளை எரிப்பதற்காக மேலே வந்ததா, புகையை வெளியேற்றுவதற்காக மேலே வந்ததா என்பதை அதனால் மட்டும் கூற முடியாது. அதைக் கூறுவது கேம் சென்சர். எந்த சிலிண்டருக்கு எப்போது பெற்றோல் தெளிப்பது, எப்போது பிளக்கில் தீப்பொறி விடுவது என்பதைக் கம்பியூட்டர் இந்த இரு தகவல்களையும் ஒப்பிட்டே தீர்மானிக்கிறது.

நம் வியாபாரிகள் பலர் அறிந்த ரொயோட்டா ப்ரொபொக்ஸை எடுத்துக்கொள்வோம். 2002இல் ஜப்பான் சந்தைக்கு வந்த அதன் 1.5 லீற்றர் 1என்இஸட்-எப்ஈ எஞ்சினில் கிராங்க்ஷாப்ட் தட்டில் 34 பற்களும், கேம்ஷாப்ட்டில் மூன்று பற்களும் உள்ளன. இப்பற்கள் சென்சரின் முனையைக் கடக்கும்போது உருவாகும் மின்துடிப்புகளைத்தான் கம்பியூட்டர் எண்ணுகிறது. கேம் துடிப்பு வராதபோது சில எஞ்சின்கள் கிராங்க் சென்சரை மட்டும் நம்பிச் சிரமத்துடன் இயங்கும். சில இயங்கவே மாட்டா.

கோட்டை அழிக்குமுன் எழுதிவையுங்கள்

முதலில் எல்லாக் கோட்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பீ-0341 என்றால் துடிப்பு வருகிறது, ஆனால் ஒழுங்காக இல்லை. பீ-0342 என்றால் சிக்னல் மட்டம் குறைவு. பீ-0343 என்றால் அதிகம். பீ-0344 விட்டுவிட்டு வரும் கோளாறு. பீ-0335 கிராங்க் சென்சரின் மின்சுற்றைக் குறிப்பது. பீ-0016 என்றால் கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

கேம் சென்சர் கோட்டுடன் வேறு சென்சர்களின் கோட்களும் சேர்ந்து வந்தால், அவை அனைத்தும் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அவற்றுக்குப் பொதுவான மின்சப்ளையை அல்லது ஏர்த்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செலவில்லாத சோதனை

அடுத்தது கண்ணால் பார்ப்பது. எஞ்சினை நிறுத்திச் சூடு ஆறிய பின் சென்சரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயில் கசிந்திருக்கிறதா? பின்களில் பச்சை நிறக் களிம்பு பிடித்திருக்கிறதா? பின் வளைந்தோ உள்ளே தள்ளப்பட்டோ இருக்கிறதா? வயர் எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்திருக்கிறதா? எலி கடித்த அடையாளம் உண்டா? அரிசி, மா, தானியம் ஏற்றும் வாகனங்களிலும், களஞ்சியத்தின் அருகே இரவில் நிறுத்தப்படும் வாகனங்களிலும் இந்தக் கடைசிக் கேள்வியை மறக்கக் கூடாது. எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் கோளாறு தொடங்கியிருந்தால் கனெக்டரில் ஈரம் இருக்கலாம்.

பற்றரியையும் பாருங்கள். நன்கு சார்ஜ் ஆன பற்றரி ஓய்வு நிலையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது 9.6 வோல்டுக்கும் கீழே இறங்கினால் முதலில் பற்றரியையும் அதன் கேபிள்களையும் சரிசெய்த பின்னரே சென்சரைப் பற்றிப் பேசலாம்.

மூன்று வயர் சென்சர்

இது வெளியிலிருந்து மின்சாரம் பெற்று இயங்கும் வகை. ஒரு வயர் சப்ளை, ஒன்று ஏர்த், மற்றையது சிக்னல். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஓன் நிலையில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வாகனம் போகும் பக்கத்துக் கனெக்டரில் மல்டிமீற்றரால் அளக்க வேண்டும்.

சப்ளை வயரில் வாகனத்தைப் பொறுத்து 5 வோல்ட் அல்லது பற்றரியின் வோல்ட் இருக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பொசிட்டிவ்விலும் மறுமுனையை ஏர்த் வயரிலும் வைத்தால் பற்றரியின் முழு வோல்ட் காட்ட வேண்டும். சிக்னல் வயரில் பெரும்பாலான வாகனங்களில் கம்பியூட்டர் அனுப்பும் சுமார் 5 வோல்ட் இருக்கும்.

சப்ளை இல்லையென்றால் பியூஸ் அல்லது வயர் அறுந்திருக்கலாம். 5 வோல்ட் சப்ளையாயின், அதே லைனில் உள்ள வேறொரு சென்சர் ஷோர்ட் ஆகி எல்லாவற்றையும் கீழே இழுத்திருக்கவும் கூடும். அவ்வாறான சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுவே குற்றவாளி. சிக்னல் வயரில் எதுவும் இல்லையென்றால் அது அறுந்திருக்கலாம் அல்லது பொடியில் உராய்ந்து ஏர்த் ஆகியிருக்கலாம். இந்த நிலைகளில் எத்தனை புதிய சென்சர் பூட்டினாலும் பலன் கிடையாது.

மூன்றும் சரியாக இருந்தால் கனெக்டரைத் திரும்பப் பூட்டி, சிக்னல் வயரைப் பின்புறமாகத் தொட்டு, எஞ்சின் சுற்றும்போது அளக்க வேண்டும். 0 வோல்டுக்கு அருகிலும் 5 வோல்டுக்கு அருகிலும் அது மாறிமாறி வர வேண்டும். மீற்றர் இதைச் சராசரியாக்கிக் காட்டிவிடும் என்பதால் ஒஸிலோஸ்கோப் இருந்தால் நல்லது. சப்ளை, ஏர்த், வயர் எல்லாம் சரி, கேம்ஷாப்ட்டும் சுற்றுகிறது, ஆனால் துடிப்பு இல்லை என்றால் மட்டுமே சென்சர் பழுது என்று துணிந்து சொல்லலாம்.

இரண்டு வயர் சென்சர்

மேலே சொன்ன ப்ரொபொக்ஸ் எஞ்சினில் இருப்பது இந்த வகை. உள்ளே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். மின்துடிப்பை இது தானே உண்டாக்கும். கனெக்டரைக் கழற்றி சென்சரின் இரு பின்களுக்கிடையே தடையை ஓமில் அளந்து, அந்த எஞ்சினுக்குரிய கைநூலின் அளவுடன் ஒப்பிட வேண்டும். தடை முடிவற்றதாகக் காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. குளிரில் சரியாக இருந்து சூட்டில் அறுபடும் சுருளும் உண்டு. ஆகவே கோளாறு சூட்டில் மட்டும் வந்தால் சூட்டிலேயே அளக்க வேண்டும். இந்த ஓம் சோதனையை மூன்று வயர் சென்சரில் செய்வதால் பயனில்லை. அதன் உள்ளே மின்னணுப் பாகங்கள் இருக்கின்றன.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு வேறு வழி: எஞ்சின் ஓடும்போது பெல்ட், பேன் ஆகியவற்றில் கை படாமல் வயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ அங்கேதான் நோய்.

ஒரே மாதிரியான இரண்டு கேம் சென்சர்கள் உள்ள எஞ்சினில் அவற்றை இடம் மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். கோட்டும் இடம் மாறினால் சென்சர் பழுது. மாறாவிட்டால் வயர் பக்கம் தேட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும்

மின்சுற்றில் குறையேதும் இல்லாமல் பீ-0341 அல்லது பீ-0016 திரும்பத் திரும்ப வந்தால் டைமிங் செயின் நீண்டிருக்கலாம், டைமிங் பெல்ட் ஒரு பல் தவறியிருக்கலாம், கேமில் உள்ள பல்தட்டு சேதமடைந்திருக்கலாம். இதை "சென்சர் கோட்தானே" என்று தள்ளிப்போடுவது ஆபத்தானது. பல எஞ்சின்களில் டைமிங் மேலும் தவறினால் பிஸ்டன் வால்வில் மோதும். அப்போது செலவு சென்சர் விலையில் நிற்காது, எஞ்சின் விலைக்குப் போகும்.

ஓடும்போது நின்றுவிடும் வாகனத்தைச் சரக்கு ஏற்றி அனுப்பவும் கூடாது. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீரிங் கடினமாகும். சில மிதிகளுக்குப் பின் பிரேக்கும் இறுகிவிடும். ட்ரைவரின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். ஹைபிரிட் வாகனமாயின் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகக் கூடும் என்பதால் அதற்குப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும்.

சோதனைக்கும் கூலி உண்டு

இதில் வியாபாரிகளாகிய நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சாமானுக்குப் பணம் கொடுக்க நாம் தயங்குவதில்லை. "ஒரு மணி நேரம் மீற்றர் பிடித்துப் பார்த்தேன்" என்று மெக்கானிக் கூலி கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். உழைப்புக்குக் கூலி கிடைக்காத இடத்தில் சாமானை மாற்றித்தான் அவர் பிழைக்க வேண்டியிருக்கிறது. எனவே சோதனைக்கான கூலியை முன்கூட்டியே பேசி, மனமுவந்து கொடுங்கள். பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: என்ன கோட்கள் வந்தன? சப்ளை எத்தனை வோல்ட்? ஏர்த் பார்த்தீர்களா? சிக்னல் மாறுகிறதா? டைமிங் சரியா? விடை தெரிந்தவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

சென்சர் மாற்றத்தான் வேண்டுமென்றால், பஞ்சிகாவத்தையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்குமுன் செசி இலக்கத்தையும் பழைய சென்சரின் பாக இலக்கத்தையும் கொண்டுபோங்கள். மின்பாகங்களைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். அதில் நியாயமும் உண்டு. பூட்டிய பின் கோட்டை அழித்து, குளிரிலும் சூட்டிலும் ஓட்டி, மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சோதனையின்போது கனெக்டரைக் கழற்றியதால் பதிவான கோட்களும் அத்துடன் அழிந்திருக்கும். அதற்குப் பிறகும் கோட் வராவிட்டால் வேலை முடிந்தது என்று பணத்தைக் கொடுத்துவிட்டு, பழைய சென்சரைக் கேட்டு வாங்கி வாருங்கள்.