இடுப்பெலும்பு முறிந்தால்: வெளியே தெரியாத ரத்தம்

"சொட்டு ரத்தங்கூட வரல்லே, பயப்படாதே, எந்திரி!"

டிராக்டர் கவிழ்ந்தோ லோரி மோதியோ கீழே கிடப்பவரிடம் நாம் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தியும் பார்க்கிறோம். நல்ல எண்ணந்தான். ஆனால் இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

தோழர்களே, இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. அதன் உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. வளையம் உடைந்து விரிந்தால் குழாய்கள் கிழிந்து, ரத்தம் உள்ளேயே தேங்கும். பெரியவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர். அதில் 2 லிட்டருக்கு மேல் வெளியே தெரியாமலே போய்விடக்கூடும்.

அடையாளங்கள்: இடுப்பிலும் தொடைச்சந்திலும் கடும் வலி, வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, வேகமான நாடி, தாகம், மூத்திரத்தில் ரத்தம்.

செய்ய வேண்டியவை:

1. உடனே 999-க்குப் போன் செய்யுங்கள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் உள்பாதைகள் அதிகம். ஆம்புலன்சுக்கு வழிகாட்ட ஒருவரைப் பெரிய ரோட்டுக்கு அனுப்புங்கள்.

2. உட்கார வைக்காதீர்கள், புரட்டாதீர்கள், இடுப்பை அழுத்திப் பார்க்காதீர்கள். அசைத்தால், உறையத் தொடங்கிய ரத்தக் கட்டி பெயர்ந்து மறுபடியும் ஒழுகும்.

3. ஒரு கைலியை ஒரு சாண் அகலத்துக்கு மடியுங்கள். முழங்காலுக்கு அடியில் நுழைத்து, மெல்ல மேலே நகர்த்துங்கள். பெல்ட் போடும் இடத்தில் கட்டக் கூடாது. தொடையின் மேற்புறம், பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பின் மட்டத்தில் கட்ட வேண்டும். இருபுறமும் இருவர் இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். டாக்டர் சொல்லும்வரை அவிழ்க்காதீர்கள்.

4. தண்ணீரோ தேத்தண்ணியோ கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம். போர்வை போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுவார்கள். கிழிந்த குழாயை மெல்லிய டியூப் வழியாக அடைப்பார்கள், அல்லது ஆபரேஷன் செய்து துணி வைத்து அழுத்துவார்கள். 'டிரானெக்சாமிக் ஆசிட்' என்ற மருந்தும் உண்டு. 40 நாடுகளில் 20,000-க்கு மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மரணங்கள் குறைந்தன. ஆனால் விபத்து நடந்து 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். ஆகவே, "காலையில பார்த்துக்கலாம்" என்று லயத்தில் படுக்க வைப்பது பெருந்தவறு.

கைலி இல்லாத வீடு இல்லை. அதை எங்கே கட்டுவது என்று காலைப் பெரட்டில் நாலு பேருக்குச் செய்து காட்டுங்கள்.