விலைச்சீட்டும் பற்றுச்சீட்டும்

சந்தையில் கத்தரிக்காய் விற்கும் மூதாட்டி விலையை வாயால் சொல்லுகிறார். கேட்பவர் குறைத்துக் கேட்கிறார். சற்றே பேரம் நடக்கிறது. முடிவில் இருவரும் ஒரு விலைக்கு உடன்படுகின்றனர். காய் கூடையினின்று பைக்கு மாறும்போது, அவ்விலை இன்னதென்பதில் இருவருக்கும் ஐயம் இராது. சொன்னவரும் எதிரே நிற்கிறார். கேட்டவரும் எதிரே நிற்கிறார்.

நகரங்களில் இந்நாளில் பெருகியுள்ள பல்பொருள் அங்காடிகளின் நிலை வேறு. அங்கே விலை சொல்வார் எவருமிலர். பண்டங்கள் அடுக்குகளில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு சீட்டில் விலை எழுதப்பட்டுள்ளது. வாங்குவோர் தாமே எடுத்துக் கூடையில் இட்டுக்கொண்டு பணம் செலுத்துமிடத்திற்கு வருகின்றனர். அங்குள்ள பணியாளர் பண்டத்தின்மேல் உள்ள கருங்கோடுகளை ஒரு கருவியின் ஒளியிற் காட்டுகிறார். கணிப்பொறி விலையைக் கூட்டிப் பற்றுச்சீட்டை அச்சிட்டுத் தருகிறது. பணியாளர் அடுக்கில் உள்ள சீட்டைப் பார்ப்பதில்லை. கணிப்பொறியோ அதனைப் பார்க்கவே இயலாது. ஆகவே ஒரே பண்டத்தின் விலை இரண்டு இடங்களில் வாழ்கிறது: ஒன்று வாங்குவோர் கண்ணுக்குத் தெரியும் சீட்டில், மற்றொன்று அவர் கண்ணுக்குத் தெரியாத கணிப்பொறியின் நினைவில்.

இக்கோடுகளைப் பட்டைக் குறியீடு என்பர். அமெரிக்க நாட்டில் ஒகையோ மாநிலத்து டிராய் என்னும் ஊரில், 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஓர் அங்காடியில் இக்குறியீட்டின் வாயிலாக முதன்முதல் விற்கப்பட்ட பண்டம் 67 சென்ட் விலையுள்ள ஒரு கட்டுச் சூயிங்கம் ஆகும். அதற்கு முன்னர் அத்தகைய அங்காடிகளில் ஒவ்வொரு பண்டத்தின்மேலும் விலை ஒட்டப்படுவது வழக்கம். பணியாளரும் அதனைப் பார்த்தே கணக்கிட்டார். குறியீடு வந்தபின் அவ்வுழைப்பு மிச்சமாயிற்று. வரிசையில் நிற்கும் நேரமும் குறைந்தது. ஆனால் அக்கோடுகளில் விலை இல்லை. பண்டம் இன்னதென்று காட்டும் எண் மட்டுமே உள்ளது. அவ்வெண்ணுக்குரிய விலையைக் கணிப்பொறி தன் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் விலையை மாற்றுவதற்கு ஒரு நொடி போதும். அடுக்கடுக்காகச் சென்று நூற்றுக்கணக்கான சீட்டுகளை மாற்றுவதற்கோ ஒருவர் நாள் முழுதும் நடக்க வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஞாயிறன்று முடிந்த தள்ளுபடியின் சீட்டு புதனன்றும் தொங்கிக்கொண்டிருக்கும். சில வேளைகளில், யாரோ எடுத்துப் பார்த்த பொருளை வேறோர் அடுக்கில் வைத்துவிட்டுப் போயிருப்பார். அதற்கு வணிகரைக் குறை கூறுதல் முறையன்று. வேண்டுமென்றே பழைய சீட்டை விட்டுவைப்போரும் சிலர் உளர். எவ்வகையாயினும், இழப்பு வாங்குவோர் தலையிலேயே விழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கூலிவேலை செய்யும் தாய் ஒருத்தி ஓர் எண்ணெய்ப் பொட்டலத்தை எடுக்கிறாள். அடுக்குச் சீட்டில் 142 ரூபாய் என்று உள்ளது. பொட்டலத்தின்மேல் அச்சிட்ட உச்ச விலை 165 ரூபாய். பற்றுச்சீட்டிலோ 156 ரூபாய் என வருகிறது. வேறுபாடு 14 ரூபாயே. செல்வர்க்கு அஃது ஒரு பொருட்டன்று. எண்ணி எடுத்து வந்த பணத்தோடு நிற்பவளுக்கு அது மறுநாட் காலைப் பாலின் விலை. பின்னே பத்துப்பேர் காத்து நிற்கின்றனர். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று அவள் நாணுகிறாள்; பேசாமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறாள். அவ்வாறு பேசாமற் சென்றவர் ஒரு நாளில் 100 பேர் எனின், அவ்வொரு பண்டத்தால் மட்டும் 1,400 ரூபாய் உரிமையின்றி அங்காடியின் பெட்டியிற் சேர்கிறது.

அவள் கேட்டிருந்தால் யாது நிகழும்? ‘சீட்டில் எழுதியதே விலை, அதற்கே தரவேண்டும்’ என்று வற்புறுத்தலாமா? பலரும் ஆம் என்றே எண்ணுவர். சட்டத்தின் விடை அத்துணை எளிதன்று. 1953ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பூட்ஸ் என்னும் மருந்து வணிக நிறுவனத்தைப் பற்றிய ஒரு வழக்கு முடிவாயிற்று. தாமே எடுத்துக்கொள்ளும் முறையில் நடந்த கடையில் விற்பனை எவ்விடத்தில் நிகழ்கிறது என்பதே அவ்வழக்கின் வினா. பண்டத்தை விலையோடு அடுக்கில் வைப்பது, ‘வந்து கேளுங்கள்’ என்னும் அழைப்பு மட்டுமே என்று நீதிமன்றம் கூறிற்று. வாங்குவோர் அதனைப் பணம் செலுத்துமிடத்திற்குக் கொண்டுவருவது அவரது முன்மொழிவு. கடைக்காரர் அதனை ஏற்கும்போதே ஒப்பந்தம் உண்டாகிறது. முன்மொழிவும் ஏற்பும் சேர்ந்தே ஒப்பந்தம் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திற்கும் அடிப்படை.

இதனால் வணிகர், பணம் பெறுமுன், ‘சீட்டு தவறு; விலை 156’ என்று சொல்ல இடமுண்டு. ஆனால் இக்கத்திக்கு இருபுறமும் கூர்மை உண்டு. ஒப்பந்தம் முன்னரே உண்டாகவில்லையெனின், வாங்குவோரும் கட்டுப்பட்டவரல்லர். ‘அவ்விலைக்கு எனக்கு வேண்டா’ என்று பண்டத்தை அங்கேயே வைத்துவிட்டுச் செல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. கணிப்பொறியில் ஏறிவிட்டது என்பது அதற்குத் தடையாகாது. அதில் நாணுதற்கு யாதுமில்லை. தவறான சீட்டைத் தொங்கவிட்டவரே நாணவேண்டும்.

பொட்டலத்தின்மேல் அச்சிட்ட விலையின் நிலை இதனினும் உறுதியானது. அது வெறும் அழைப்பன்று; வரம்பு. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் 2011 முதல் நடைமுறையில் உள்ள பொட்டலப் பொருள் விதிகளின்படி, எல்லா வரிகளும் உள்ளடங்கிய உச்ச சில்லறை விலை பொட்டலத்தின்மேல் குறிக்கப்பட வேண்டும். எந்தச் சில்லறை வணிகரும் அதற்கு மேல் பெறலாகாது. வரி தனி என்று சேர்த்துக் கேட்கவும் ஆகாது. அவ்விலையை அழித்தலும் திருத்தலும் குற்றம். விலையைக் குறைப்பதற்கு மட்டும் புதுச்சீட்டு ஒட்டலாம். அப்போதும் பழைய விலை மறைதல் கூடாது. தமிழ்நாட்டில் இதனைக் கண்காணிப்போர் தொழிலாளர் துறையினர். பொதியின்மேல் எழுதுவது நமக்குப் புதிதன்று. புகார் நகரத்தில் வந்திறங்கிய பொதிகளின்மேல் உரியவர் பெயரும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

இனி, அறியாது பணம் செலுத்திவிட்ட தாயின் நிலை யாது? உச்ச விலை மீறப்படவில்லை. ஆயினும் அவள் ஏமாந்தாள் என்பது உண்மை. 2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே துணை நிற்கிறது. பண்டத்தின்மேலோ பொட்டலத்தின்மேலோ காட்டிய விலை, சட்டப்படி வைத்த விலைப்பட்டியலில் உள்ள விலை, இருவரும் உடன்பட்ட விலை ஆகிய இவற்றுள் எதனினும் மிகுதியாகப் பெற்றால் அது முறையீட்டுக்குரியது. அடுக்குச் சீட்டைக் கண்டு, அவ்விலையை நம்பியே அவள் எடுத்தாள் என்பதை எடுத்துரைக்கலாம். விலையைப் பற்றி மக்களை மயங்கச் செய்தலும், பற்றுச்சீட்டுத் தர மறுத்தலும் முறையற்ற வணிகம் என்றே அச்சட்டம் கருதுகிறது.

கனடா நாட்டு வணிகர் சிலர் இச்சிக்கலுக்கு எளிய வழி கண்டுள்ளனர். 2002ஆம் ஆண்டு முதல் அங்கு நடைமுறையில் உள்ள ஓர் ஏற்பாட்டின்படி, காட்டிய விலையினும் கணிப்பொறி மிகுதியாகக் கேட்டால், 10 டாலருக்கு மேற்படாத பண்டம் இலவசமாகத் தரப்படும். மேற்பட்டால் 10 டாலர் கழிக்கப்படும். இது சட்டத்தின் கட்டாயமன்று. சேர்ந்த அங்காடிகள் தாமே மேற்கொண்ட உறுதிமொழி. சீட்டு மாற்ற மறந்தால் தமக்கே இழப்பு என்னும்போது மறதி தானே குறையும்.

நம் நாட்டில் வாங்குவோர் முதலிற் செய்யத்தக்கது, பற்றுச்சீட்டை அவ்விடத்திலேயே ஒருமுறை படித்தல். வேறுபாடு கண்டால் அடுக்குச் சீட்டைக் கைப்பேசியிற் படம் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் காட்டலாம். பெரும்பாலான வேறுபாடுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிடின், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். அதனாலும் பயன் இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத முறையீட்டிற்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டுவதுமில்லை, வாங்குவோர் தாமே நின்று வழக்குரைக்கலாம். நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதுவரை பற்றுச்சீட்டைக் காத்து வைத்தல் வேண்டும். வெப்பத்தால் அச்சிடப்படும் இக்காலச் சீட்டுகளில் எழுத்து சில திங்களில் மங்கிவிடுமாதலின், அதற்கும் ஒரு படி எடுத்து வைப்பது நன்று.