விசைப்படகு எஞ்சினுக்கு ஏற்ற கேம் ஷாப்ட்

அமெரிக்காவில் செய்யப்பெறும் எட்டுச் சிலிண்டர் பெட்ரோல் படகு எஞ்சின்களுள் பல, மோட்டார் கார் எஞ்சின்களிலிருந்து தோன்றியவை. 1967-இல் வெளிவந்த 350 கன அங்குல (5.7 லிட்டர்) ஷெவர்லே எஞ்சின் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இத்தகைய எஞ்சினின் திறனைக் கூட்ட விழைவோர் முதலில் மாற்ற எண்ணுவது கேம் ஷாப்டையே. காரில் நற்பயன் தந்த கேம் ஷாப்ட் படகிலும் அவ்வாறே பயன் தரும் என்று கருதுவது இயல்பு. ஆயினும் அக்கருத்து, கரையினின்று நெடுந்தொலைவில் எஞ்சின் நின்றுபோவதில் முடியக்கூடும். அதன் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

கேம் ஷாப்டின் பணி

நான்கடி எஞ்சினில் கிராங்க் ஷாப்ட் இருமுறை சுழலும்போது கேம் ஷாப்ட் ஒருமுறை சுழல்கிறது. அதன் மேலுள்ள முட்டை வடிவக் கேம்கள் வால்வுகளை உரிய நேரத்தில் திறக்கின்றன. பிஸ்டனின் ஓர் ஓட்டம் கிராங்க் ஷாப்டின் சுழற்சியில் 180 பாகையே. எனினும் வால்வுகள் அதனினும் நெடுநேரம் திறந்திருக்குமாறு கேம்கள் அமைக்கப்படுகின்றன. உறிஞ்சு வால்வு முன்னதாகவே திறக்கிறது. வெளியேற்று வால்வு சற்றுத் தாமதித்து மூடுகிறது. ஆகவே சிறிது நேரம் இரண்டு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கின்றன. இதனை இருதிறப்புக் காலம் எனலாம். மிகு வேகத்தில் இக்காலம் சிலிண்டரை நன்கு நிரப்ப உதவுகிறது. குறைந்த வேகத்திலோ இதனால் தீங்கே விளைகிறது.

படகின் சுமை

சமதரைச் சாலையில் செல்லும் காருக்கு எஞ்சின் திறனில் சிறு பகுதியே போதும். படகு எஞ்சினோ ஓயாமல் மேடேறும் லாரியைப் போன்றது. சுழல்விசிறிக்கு வேண்டிய திறன், சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் உயர்கிறது. நிமிடத்திற்கு 4,000 சுற்றில் 200 குதிரைத் திறனை ஏற்கும் விசிறி, 2,000 சுற்றில் 25 குதிரைத் திறனையே ஏற்கும். மேற்கூறிய வகைப் படகு எஞ்சின்களின் மேல்வரம்பு பொதுவாக 4,400 முதல் 4,800 சுற்று வரை. 6,000 சுற்றில் உச்சத் திறன் தரும் கேம் ஷாப்டினால் அப்படகிற்குப் பயன் யாது? நடுத்தர வேகத்தில் கிடைக்கும் முறுக்கு விசையே அதற்குத் தேவை.

வெளியேற்றுக் குழாயில் நீர்

காருக்கும் படகிற்கும் இடையேயுள்ள தலையாய வேறுபாடு இதுவே. படகின் வெளியேற்றுக் குழாய் சூடேறித் தீ விளைவிக்காதிருக்கும்பொருட்டு, குளிர்விக்கப் பயன்பட்ட நீர் புகையுடன் கலந்து வெளியேற்றப்படுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்று வழி ஏறக்குறைய மூடியிருப்பதால், உறிஞ்சு குழாயில் வலிய வெற்றிடம் உண்டாகிறது. அவ்வமயம் இரு வால்வுகளும் நெடுநேரம் திறந்திருப்பின், வெற்றிடம் புகையைப் பின்னோக்கி இழுக்கிறது. புகையுடன் நீர்த்துளிகளும் சிலிண்டரை அடைகின்றன. முதலில் வெளியேற்று வால்வுகளும் அவற்றின் இருக்கைகளும் துருப்பிடிக்கும். நீர் மிகுதியாயின், அது அழுந்தாத பொருளாதலால், இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

ஒரு கணக்கு

உறிஞ்சு கேமின் முனைக்கும் வெளியேற்று கேமின் முனைக்கும் இடையேயுள்ள கோணத்தைக் கேம் இடைக்கோணம் என்போம். இரு வால்வுகளின் திறப்பு அளவும் சமமாயின், அவ்வளவிலிருந்து இடைக்கோணத்தின் இருமடங்கைக் கழிக்க, இருதிறப்புக் காலம் கிடைக்கும்.

திறப்பு 270 பாகை, இடைக்கோணம் 114 பாகை எனின்: 270 − 228 = 42 பாகை.
திறப்பு 270 பாகை, இடைக்கோணம் 108 பாகை எனின்: 270 − 216 = 54 பாகை.
திறப்பு 290 பாகை, இடைக்கோணம் 108 பாகை எனின்: 290 − 216 = 74 பாகை.

இவற்றுள் மூன்றாவது பந்தயக் காருக்கு ஒக்கும். நீர் கலந்த வெளியேற்றமுள்ள படகிற்கு ஒவ்வாது. இத்தகைய படகுகளுக்கு 112 முதல் 114 பாகை வரையுள்ள இடைக்கோணமே பெரும்பாலும் விரும்பப்படுகிறது. திறப்பு அளவு இருவகையாகக் குறிக்கப்படுவதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். வால்வு அசையத் தொடங்கும் நிலையிலிருந்து அளப்பது ஒன்று, தூக்கி 0.050 அங்குலம் உயர்ந்த நிலையிலிருந்து அளப்பது மற்றொன்று. ஒரே கேமிற்கு இவ்விரண்டும் 40 முதல் 60 பாகை வரை வேறுபடலாம். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுதல் தவறு.

தேர்வுக்குரிய விதிகள்

1. வெளியேற்றுக் குழாயில் நீர் கலக்கிறதா, எவ்விடத்தில் கலக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

2. எஞ்சினின் சுழற்சித் திசையைக் காண்க. இரட்டை எஞ்சின் படகுகள் சிலவற்றில் ஒன்று எதிர்த்திசையில் சுழலும். அதற்கென்றே செய்யப்பட்ட கேம் ஷாப்டையே பொருத்துதல் வேண்டும்.

3. மெது ஓட்டம் சீராக இருத்தல் இன்றியமையாதது. அது 1,000 சுற்றை எட்டுமாயின், கியர் மாற்றும்போது பற்கள் மோதித் தேயும். படகுத்துறையில் படகை அடக்குதலும் அரிதாகும்.

4. வால்வுச் சுருள்வில்கள் புதிய கேமிற்கு ஏற்றனவாய் இருத்தல் வேண்டும். தட்டையடித் தூக்கிகளாயின், புதிய கேமுடன் அவற்றையும் புதிதாகவே இடுக.

பொருத்திய பின்

தட்டையடித் தூக்கிகள் உள்ள எஞ்சினில், துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு சேர்ந்த எண்ணெயை இட்டு, முதல் 20 நிமிடங்கள் ஏறத்தாழ 2,000 சுற்றிலோ அதற்குச் சற்று மேலாகவோ ஓட்டுதல் வேண்டும். மெது ஓட்டத்தில் விட்டால், கேம்களுக்கு எண்ணெய் போதாமல் அவை தேய்ந்துவிடும். கரையில் வைத்து ஓட்டும்போது குளிர்நீர் இடையறாது கிடைக்கச் செய்க. உருளைத் தூக்கிகளுக்கு இம்முறை தேவையில்லை. சில நாள் ஓடிய பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது நலம். அவற்றில் துருவோ ஈரமோ தென்பட்டால், எஞ்சினைத் திரும்ப ஓட்டுமுன் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இருவகைக் கேம்களின் திறப்பு அளவையும் கரும்பலகையில் இரு வட்டங்களாக வரைந்து, இரு வால்வுகளும் திறந்திருக்கும் பகுதியை வண்ணச் சுண்ணக்கட்டியால் தீட்டிக் காட்டலாம். அவ்வண்ணப் பகுதி எவ்வளவு குறுகியதோ, அவ்வளவிற்கு நீர் உட்புகும் அச்சம் குறையும் என்பது மாணவர் உள்ளத்தில் எளிதில் பதியும். உச்ச வேகத்தில் சில குதிரைத் திறன் குறைந்தாலும், படகில் சென்றோரைத் தவறாது கரை சேர்க்கும் எஞ்சினே கடலுக்கு உகந்தது.