பாடலை விடுத்தல் தணிக்கையாகுமா?

(மேற்பிரிவு மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமான பாடக்கட்டுரை)



முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலே கணக்குகளைச் சரிபார்ப்பவரைத் தணிக்கையாளர் என்பர். ஈழத்தில் அவரைக் கணக்காய்வாளர் என்றே அழைத்துப் பழகியமையால், தணிக்கை என்றதும் நமக்கு வெட்டுண்ட செய்தித்தாளே நினைவுக்கு வரும். 1998 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கை அரசு போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதித்ததைப் பெற்றோரில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஆங்கிலச் சொல்லின் கதையும் இதனை ஒத்ததே. பண்டைய உரோமாபுரியில் 'சென்சர்' என்பவர் குடிமக்களைக் கணக்கெடுத்த அதிகாரி ஆவார். மக்களின் ஒழுக்கத்தைக் கண்காணிப்பதும் அவர் கடமையாய் இருந்தது. அப்பதவியின் பெயரே பின்னாளில் நூலையும் நாடகத்தையும் ஆராய்ந்து தடுப்பவருக்கு வழங்கலாயிற்று.

இன்றோ இச்சொல் மிக எளிதாக வாயில் வருகின்றது. பழைய நாட்டுப்பற்றுப் பாடலொன்றைப் பொது நிகழ்ச்சியில் பாடாது விட்டால் அதுவும் தணிக்கையே என்கின்றனர் சிலர். இக்கூற்று எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை நாம் வாழும் இந்நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே ஆராய்வோம்.

இலண்டனில் 1895 இல் தொடங்கிய புறோம்ஸ் இசைவிழாவை நீங்கள் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். 1927 முதல் அதனை நடத்திவருவது பி.பி.சி. நிறுவனம். இறுதி நாளிரவில் றோயல் அல்பேட் மண்டபத்தில் கொடிகள் அசைய, மக்கள் எழுந்து நின்று பாடுவர். அன்று பாடப்படுவனவற்றுள் இரண்டு பெயர்பெற்றவை. ஒன்று 'றூல் பிரித்தானியா'. ஜேம்ஸ் தொம்சன் என்ற ஸ்கொத்லாந்துக் கவிஞர் எழுத, தோமஸ் ஆர்ன் இசையமைத்த இப்பாடல் அல்பிரட் மன்னரைப் பற்றிய நாடகமொன்றின் பகுதியாக 1740 இல் அரங்கேறிற்று. மற்றையது 'லாண்ட் ஒப் ஹோப் அன்ட் குளோறி'. எல்கார் 1901 இல் அமைத்த அணிநடை இசைக்கு ஏ. சி. பென்சன் 1902 இல் சொற்களைப் பொருத்தினார். முன்னையது இறுதி இரவிற்கு வந்த வழியும் அறியத்தக்கது. இவ்விழாவின் முதல் நெறியாளரான ஹென்றி வூட், திரபல்கார்க் கடற்போரின் நூற்றாண்டை முன்னிட்டு 1905 இல் கடற்பாடல்களை இணைத்து ஒரு கோவை அமைத்தார்; அதன் முடிவில் இப்பாடலைச் சேர்த்தார். தொன்றுதொட்டு வந்தது என்று நாம் எண்ணும் வழக்கங்கள் பலவற்றிற்கும் இவ்வாறு ஒரு தொடக்க நாள் உண்டு.

2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றினால் மண்டபத்தில் பார்வையாளர் இல்லை, இசைக்குழுவும் சுருக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜோர்ஜ் பிளொயிட் கொல்லப்பட்டதன்பின் அடிமை வணிகத்தைப் பற்றிய விவாதம் இந்நாட்டிலும் கொழுந்துவிட்டிருந்த காலம் அது. பிரித்தானியர் ஒருபோதும் அடிமைகளாகார் என்று முழங்கும் பாடல் எழுதப்பட்ட நாளிலே பிரித்தானியக் கப்பல்கள் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றன என்பதைப் பலர் சுட்டிக்காட்டினர். ஓகஸ்ட் மாத இறுதியில் பி.பி.சி. இவ்விரு பாடல்களும் சொற்களின்றி இசையாக மட்டும் ஒலிக்கும் என்று அறிவித்தது. எதிர்ப்பு மூண்டது. பிரதமர் பொறிஸ் ஜோன்சனும் கண்டித்தார். செப்ரெம்பர் 2 ஆம் நாள் முடிவு மாற்றப்பட்டது. 12 ஆம் நாள் சிறு பாடகர் குழுவொன்று வெறும் இருக்கைகளின் முன் இரண்டையும் பாடிற்று.

அந்நாள்களில் நிகழ்ந்தது தணிக்கையா? அன்று என்று நான் துணிந்து கூறுவேன். அப்பாடல்களை எவரும் தடைசெய்யவில்லை. வீட்டிலும் வீதியிலும் வேறெந்த மண்டபத்திலும் அவற்றைப் பாட எவருக்கும் உரிமை இருந்தது; இசைத்தட்டுகள் கடையில் விற்றன. ஒரு நிகழ்ச்சிக்கு நிரல் வகுப்பவன் சிலவற்றைச் சேர்ப்பான், சிலவற்றை விடுவான். விடாது நிரல் வகுத்தல் இயலாது. 2001 இல் நியூயோர்க் தாக்குதல் நடந்து நான்கு நாள்களின்பின் வந்த இறுதி இரவில், லெனாட் சிலற்கின் என்னும் அமெரிக்க நெறியாளர் 'றூல் பிரித்தானியா'வை விடுத்துத் துயரத்திற்கேற்ற இசையை வழங்கினார். அதனைத் தணிக்கை என்று தூற்றியவர் மிகச் சிலரே. ஏனெனில் காரணத்தை யாவரும் உணர்ந்திருந்தனர்.

எனினும் ஒன்று கூறவேண்டும். பி.பி.சி. தனியார் மன்றம் அன்று. மக்கள் செலுத்தும் தொலைக்காட்சி அனுமதிக் கட்டணத்தில் இயங்குவது. ஆதலின் ஒன்றை விடும்போது காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும் கடப்பாடு அதற்குண்டு. தொற்றுக் காரணமா, அடிமை வரலாறு காரணமா என்பது தெளிவாகாமற் போனமையே சினத்தைப் பெருக்கிற்று என்பது என் எண்ணம்.

இதே விழாவில் நிகழ்ந்த இன்னொன்றை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1990 இல் இறுதி இரவை நெறிப்படுத்த மார்க் எல்டர் என்பவர் அமர்த்தப்பட்டிருந்தார். வளைகுடாவில் போர்மேகம் சூழ்ந்த வேளை அது. போர் மூண்டால் இத்தகைய பாடல்கள் பொருத்தமாகா என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். அவர் நீக்கப்பட்டு, அன்ரூ டேவிஸ் அவ்விடத்தில் நின்றார். பாடல்கள் வழக்கம்போல் ஒலித்தன. பாடலை விடலாம் என்று கருத்துரைத்தவரே மேடையை இழந்தார்! இவ்விரு நிகழ்ச்சிகளுள் எது தணிக்கைக்கு நெருங்கியது? ஒரு பாடலைப் பாடியே தீரவேண்டும் என்று வற்புறுத்துவதும் வாயை அடைக்கும் ஒரு வழியே. (எல்டர் 2006 இல் அதே மேடைக்கு மீண்டும் அழைக்கப்பட்டார் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகின்றேன்.)

மெய்யான தணிக்கை எத்தகையது என்பதற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே சான்று உண்டு. பாரதியார் 1921 இல் மறைந்தார். ஏழாண்டுகள் கழிந்தபின், 1928 இல், அவருடைய தேசியப் பாடல் நூலைப் பர்மா அரசு தடைசெய்தது. அதனைப் பின்பற்றிச் சென்னை மாகாணத்திலும் படிகள் பறிமுதல் செய்யப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபரில் சத்தியமூர்த்தி சென்னைச் சட்டமன்றத்தில் இதனைக் கண்டித்துப் பேசினார். இங்கே நிரல் வகுத்தல் என்பதற்கே இடமில்லை. அரசு ஆணையிட்டது, காவலர் நூலைக் கைப்பற்றினர். பதிப்பித்தவருக்கோ விற்றவருக்கோ வேறு இடம் விடப்படவில்லை. பின்னர் 1949 இல் அதே சென்னையின் அரசு பாரதியாரின் படைப்புரிமையை விலைகொடுத்து வாங்கியது. நம் பள்ளியில் ஐந்து வயதுக் குழந்தைகள் மழலை மாறாது பாடும் பாட்டுகளின் ஆசிரியர் அவர்தாம்.

சென்ற ஆண்டு நம் விழாவில் நேரம் போதாமையாற் குழுப்பாடலொன்று விடுபட்டபோது தந்தையார் ஒருவர் இதனைத் தணிக்கை என்றே கடிந்தார். அப்பாடலைப் பயின்ற பிள்ளைகளின் ஏமாற்றத்தை நான் அறிவேன்; அது சிறிதன்று. ஆயினும் 1928 இற் பறிமுதலான நூலுக்கும் இதற்கும் ஒரே சொல்லை வழங்குவோமாயின், பறிகொடுத்தவர் பட்ட துன்பத்தைச் சொல்ல நமக்குச் சொல் இல்லாமற் போகும்.

இனிக் கடினமான பகுதிக்கு வருகின்றேன். இலங்கையின் தேசிய கீதம் ஆனந்த சமரக்கோன் இயற்றியது. 1951 இல் ஏற்கப்பட்டது. பண்டிதர் மு. நல்லதம்பி அதனைத் தமிழாக்கினார். 1961 இல், தொடக்கச் சொற்கள் நாட்டிற்குத் தீமை விளைக்கின்றன என்று சிலர் கூறியதன்பேரில், கவிஞரின் எதிர்ப்பையும் மீறி முதலடி மாற்றப்பட்டது. ஆக, பாடலின்மேல் அதிகாரத்தின் கை அங்கே முதலிற் பட்டது சிங்களப் பாடலிலேயே. 2010 டிசெம்பரில், தமிழ் வடிவத்தை நிறுத்த அமைச்சரவை முடிவெடுத்ததாகச் செய்தி வந்தது. அத்தகைய தடை இல்லை என்று அரசு பின்னர் கூறிற்று. நான் அப்போது வடக்கில் ஆசிரியன். எங்களுக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் விழாவொன்றிற்கு முதல் நாள் வந்த அதிகாரி ஒருவர், சிங்களத்திலேயே பாடச்செய்யுங்கள் என்று வாய்ச்சொல்லாற் கூறிச் சென்றார். பொருள் விளங்காத சொற்களைப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உருப்போட்டனர். காகிதம் இல்லை, கையொப்பம் இல்லை, எங்கே முறையிடுவது? எழுதாத ஆணை, எழுதிய ஆணையினும் கொடியது. எழுதியதை நீதிமன்றத்திற்குக் கொண்டுபோகலாம். வாய்ச்சொல்லை எவ்வாறு கொண்டுபோவது? அதனைத் தணிக்கை என்றே சொல்வேன்.

2015 இல் ஜனாதிபதி சிறிசேன தமிழிற் பாடத் தடையில்லை என்றார். 2016 பெப்ரவரி 4 ஆம் நாள் கொழும்பில் நடந்த சுதந்திரதின விழாவில் அது தமிழிலும் ஒலித்தது. 2020 இல் அதே நாளின் அரச விழாவில் அது விடப்பட்டது. அவ்விழாவை மட்டும் எடுத்துக்கொண்டால், 'நிரல்தானே, பி.பி.சி. செய்தது போல' என்று ஒருவர் வாதிடக்கூடும். நான் அதற்கு உடன்படேன். இசைவிழா தன்னை விரும்பி வருவோருக்குரியது. பிடிக்காதவர் வேறு விழாவிற்குப் போகலாம். அரசின் சுதந்திரதின விழா ஒன்றே ஒன்று. அதில் ஒரு மொழியினரின் குரலை விடுத்தால், அவர்கள் போவதற்கு வேறு சுதந்திரதினம் இல்லை. இருப்பினும் பாடியவர் எவரும் அதற்காகத் தண்டிக்கப்படாதவிடத்து, அதனையும் தணிக்கை என்று கூறத் தயங்குகின்றேன். புறக்கணிப்பு என்பதே அதற்குரிய சொல். அது தணிக்கையினும் இலேசானது என்று எவரும் கருதிவிடலாகாது. தணிக்கை செய்பவன் உன் குரலுக்கு அஞ்சுகின்றான், புறக்கணிப்பவனோ உன் குரல் உண்டு என்பதையே எண்ணுவதில்லை.

விழா முடிந்து வகுப்புகள் தொடங்கும் முதற் சனிக்கிழமை, மேற்பிரிவு மாணவர் இதுபற்றி இரு அணிகளாக வாதிடுவர். 1990 இல் எல்டரை நீக்கியது சரியா என்பது முதற் பொருள். சமரக்கோனின் முதலடியை மாற்றியது தணிக்கையா, திருத்தமா என்பது இரண்டாவது. என் முடிவை மறுப்போர் தம் காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதிவருக. பெற்றோர்களும் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். இடையிற் பேச விரும்புவோர் கையை உயர்த்துதல் வேண்டும்.