விழுந்தால் சொல்லும் கைப்பட்டை: போட்டிக்கு ஒரு மாதிரி செய்வோமா?

மாணவர்களே, 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் வன்பொருள் பிரிவும் உண்டு. இந்த மாதிரிப் போட்டிக்கு உடலில் அணியும் கருவி செய்யப் போறீங்களா? தனியாக இருக்கும் பெரியவர் விழுந்தால், பிள்ளைகளின் போனுக்குத் தகவல் அனுப்பும் கைப்பட்டையை எடுத்துக்கொள்வோம்.

1. எப்படிக் கண்டுபிடிக்கும்?

எம்.பி.யு.6050 சென்சார் முடுக்கத்தை அளக்கும். கை அசையாமல் இருந்தால் 1 ஜி காட்டும். விழும்போது அளவு சட்டென்று குறையும். தரையில் மோதியதும் எகிறும். பிறகு அசைவே இருக்காது. இந்த மூன்றும் வரிசையாக வந்தால்தான் 'விழுந்தார்' என்று எடுத்துக்கணும். அமைப்பை மாற்றாமல் விட்டால் இந்த சென்சார் 2 ஜி வரைதான் அளக்கும். மோதல் அதைத் தாண்டலாம் என்பதால் 8 ஜி-க்கு மாற்றிக்கோங்க.

2. பேட்டரி எவ்வளவு தாங்கும்?

கணக்கு ரொம்ப எளிது. 500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் 5 மணி நேரம்தான் ஓடும். சராசரியை 20-க்குக் குறைத்தால் 25 மணி நேரம் வரும். ஈ.எஸ்.பி.32 பலகையில் வைஃபை எப்பவும் ஓடினால் மின்சாரம் தீர்ந்துபோகும்; தகவல் அனுப்பும்போது மட்டும் ஆன் பண்ணுங்க. பாதுகாப்புச் சுற்று உள்ள லித்தியம் பேட்டரியே வாங்குங்க. அது தோலுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிற பொருள்.

3. பொய் எச்சரிக்கையைத் தவிர்ப்பது

கல்லில் துணி அடிப்பது, கை தட்டுவது, நாற்காலியில் தொப்பென்று உட்காருவது, இவையும் அளவை எகிற வைக்கும். நாலு தடவை சும்மா கத்தினால் பாட்டி பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். அப்புறம் நிஜமாக விழும் நாளில் யாருக்குத் தெரியும்? அதனால் முதலில் 15 விநாடி அதிரட்டும். 'நான் நல்லா இருக்கேன்' என்று ரத்து செய்ய ஒரு பெரிய பொத்தான் வையுங்க. நடுங்கும் விரலுக்கும் அது எட்டணும். பட்டையே 108-ஐ அழைக்க வேண்டாம். வீட்டார் விசாரித்து அழைக்கட்டும். இல்லையென்றால் தேவையில்லாத இடத்துக்கு ஆம்புலன்ஸ் அலையும்.

4. சோதனையும் நடுவர்களும்

பெரியவர்களை விழச் சொல்லிச் சோதிக்கவே கூடாது. மெத்தை விரித்துக் குழுவினரே விழுங்க. எத்தனை முறை விழுந்தோம், எத்தனை முறை பிடித்தது, எத்தனை பொய் எச்சரிக்கை என்று அட்டவணை போடுங்க. தவறவிட்டதையும் மறைக்காமல் நடுவர்களிடம் காட்டுங்க. எந்த இடத்தில் தவறுது, அதை எப்படிச் சரி செய்வோம் என்று சொல்லத் தெரிந்த குழுவின் பட்டையைத்தான் ஒரு குடும்பம் நம்பிக் கையில் கட்டும்.