கம்ப்யூட்டருக்குள் வைஃபை கார்டு

டெஸ்க்டாப்புக்கு வைஃபை வேண்டுமென்று கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது நகம் அளவு யூ.எஸ்.பி. டாங்கிள். ஹாலில் ரவுட்டர், உள்ளறையில் கம்ப்யூட்டர் என்றிருக்கும் வீடுகளில் அது திணறுகிறது. நான் மாட்டிக்கொடுப்பது உள்ளே பொருத்தும் பி.சி.ஐ.இ. கார்டைத்தான்.

வாங்கப் போகுமுன் கேபினெட்டைத் திறந்து, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். குட்டையான எக்ஸ்1 ஸ்லாட் போதும். பெரிய கிராபிக்ஸ் கார்டு அதை மறைத்திருந்தால் கஷ்டம். சிப்பையும் அதைச் செருகும் அடாப்டர் கார்டையும் தனித்தனியாக வாங்குபவர்கள் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேளுங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் அவற்றுக்கென்றே அமைந்த இன்டெல் போர்டில் மட்டுமே ஓடும். அடாப்டர் கார்டில் செருகினால் பேசாது.

பிளக்கைப் பிடுங்கி, கேபினெட் இரும்பை ஒரு தரம் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பொருத்துவது ஒரு திருகு வேலை. கார்டோடு வரும் மெல்லிய ஒயரை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். ஸ்லாட் வழியே போவது வைஃபை மட்டும். புளூடூத் வேலை செய்ய அந்த ஒயரை மதர்போர்டின் 9 பின் யூ.எஸ்.பி. ஹெட்டரில் சொருக வேண்டும். ‘புளூடூத் வரல’ என்று நல்ல கார்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

விண்டோஸுக்குக் கார்டு தெரியவில்லையா? டிரைவர் இறக்க நெட் வேண்டுமே என்று முழிக்க வேண்டாம். போனை யூ.எஸ்.பி. டெதரிங்கில் போட்டால் நெட் வந்துவிடும்.

இனி ஆன்டெனா. பாதிப் புகார்கள் இதில்தான். கார்டின் பின்னாலேயே திருகிவிட்டால் முன்பக்கம் இரும்புக் கேபினெட், பின்பக்கம் சுவர். சிக்னல் எப்படி வரும்? காந்த அடியும் நீள ஒயரும் உள்ள ஆன்டெனா தனியாகக் கிடைக்கிறது. அதை மேசைமேல் வையுங்கள். கார்டின் இரண்டு ஆன்டெனா முனைகளிலும் ஆன்டெனா மாட்டியிருக்கட்டும். இடையில் சுவர்கள் அதிகமென்றால் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடித்துத் தொங்காமல் 2.4-க்கு மாறிப் பாருங்கள். வேகம் குறைந்தாலும் அறுந்து அறுந்து போகாது.

‘இதையே ரவுட்டராக்கலாமா?’ என்று கேட்பார்கள். ஆக்கலாம். கம்ப்யூட்டருக்கு லேன் கேபிளில் நெட் வந்தால், விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட் 8 கருவிகள் வரை பகிரும். லினக்ஸில் இன்டெல் கார்டுகள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில் பகிர மறுக்கும். நிரந்தர ஏற்பாடாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டில் எல்லோருக்கும் நெட் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடவேண்டும். அது இழுக்கும் கரண்ட் சின்ன ரவுட்டரைப்போலப் பல மடங்கு.